ஆமையும் அமீனாவும்

“இத வெச்சுக்கலாமா டாக்டர்? ஃபாரஸ்ட்காரங்க வந்துடுவாங்களா?”

ஆமையோ பாம்போ இக்வானாவோ தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள், அதற்கு உடம்புக்கு என்ன என்று சொல்வதற்கு முன்பே கேட்பது இதைத்தான். வடசென்னையில் நாய், பூனைகளுக்காக நான் ஆரம்பித்த சின்ன மருத்துவமனை இது. வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூர் பக்கத்திலேயே இருப்பதால், தொட்டியில் வளரும் மற்ற ஜீவன்களும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தன. ஆமைக்கு ஊசியை முன்னங்காலில்தான் போட வேண்டும். பின்னங்காலில் போட்டால் மருந்து ரத்தத்தோடு முதலில் சிறுநீரகத்துக்குப் போய்விடும். இந்த மாதிரி விஷயங்களையெல்லாம் புத்தகங்களிலிருந்தும் மூத்தவர்களிடமிருந்தும் கற்றுக்கொண்டேன். சட்டத்தையும் அப்படித்தான் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது, வருகிறவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டுமே.

பதில் மூன்று விதம். மேசைமேல் இருப்பது நட்சத்திர ஆமை என்றால், “கூடாது” என்பேன். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது; வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சிகிச்சை கொடுத்துவிட்டு வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்வேன். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பால் பைத்தான் என்றால், “வைத்துக்கொள்ளலாம், பதிவு செய்துவிட்டீர்களா?” என்று கேட்பேன். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள பச்சை ஆமை, கடைகளில் ஸ்லைடர் என்று விற்கிறார்களே, அது என்றால், “அதற்குப் பதிவு எதுவும் கிடையாது, யாரும் வர மாட்டார்கள்” என்று சொல்வேன்.

மூன்றாவது பதிலைக் கேட்டதும் அந்த வீட்டார் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகும். இங்கே விற்பனைக்கு வரும் வெளிநாட்டு ஊர்வனவற்றில் நம் குளங்களுக்கு மிகப் பெரிய ஆபத்து இந்த ஸ்லைடர்தான். என் மேசைக்கு மிக மோசமான நிலையில் வந்து சேருவதும் இதுதான். பைத்தானை எண்ணிக் கணக்கெடுக்கும் சட்டம் இதை ஏறெடுத்தும் பார்க்காதது ஏன்? சில ஆண்டுகளாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. இதை எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

சட்டம் இங்கே வந்து சேர்ந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டு விலங்குகளைப் பொறுத்தவரை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கறாரானது. நல்ல பாம்பு, உடும்பு, நட்சத்திர ஆமை எதையும் செல்லமாக வளர்க்க முடியாது. வெளிநாட்டு விலங்குகள்தான் பிடியில் சிக்காமல் இருந்தன. விமான நிலையத்தில் மாட்டினால் சுங்கச் சட்டம் பாயும்; அதைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டால் கேட்பாரில்லை. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து சொன்னால், எங்கிருந்து வந்தது என்று ஆவணம் கேட்க மாட்டோம் என்றது. நாடு முழுவதும் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் அறிவித்தார்கள். பிறகு 2022-இல் சட்டத்தையே திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆறாக இருந்த அட்டவணைகள் நான்காயின. நான்காவது அட்டவணையில் சைட்டீஸ் பட்டியல் இடம்பெற்றது. 2024 பிப்ரவரி 28 அன்று பதிவு விதிகள் வெளியாயின. அந்த அட்டவணையில் உள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர்கள் ‘பரிவேஷ்’ இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். அதற்குக் கொடுத்த ஆறு மாத அவகாசம் அந்த ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. இப்போது புதிதாக ஒன்று கைக்கு வந்தால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். குட்டி போட்டாலும், செத்துப்போனாலும், கைமாறினாலும் அதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. முன்பு ஒன்றுமே இல்லாமல் இருந்ததைவிட இது எவ்வளவோ மேல். யாரிடம் எது இருக்கிறது என்ற கணக்கே இல்லாமல் கடத்தலைத் தடுக்க முடியாது. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் உரிமை கோராமல் கிடந்த பைகளைச் சுங்கத்துறையினர் திறந்து பார்த்தார்கள். உள்ளே 45 பால் பைத்தான்கள், 8 கார்ன் பாம்புகள், 3 மார்மோசெட் குரங்குகள், 3 நட்சத்திர ஆமைகள் இருந்தன. எல்லாவற்றையும் பாங்காக்குக்கே திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூரு விமான நிலையத்தில் 55 பால் பைத்தான்களும் 17 ராஜ நாகங்களும் பிடிபட்டன. கூடவே இருந்த 6 கபுச்சின் குரங்குகள் செத்துக் கிடந்தன. பிடிபட்டதே இவ்வளவு. பிடிபடாமல் வந்ததில் ஒரு பங்கு, துணிப்பையில் சுருண்டு வந்த களைப்போடும் வாயில் புண்ணோடும் என் மாதிரி மருத்துவர்களிடம் வந்து சேருகிறது.

என் ஆட்சேபம் பட்டியலைப் பற்றியது. சைட்டீஸ் 1975-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம். 1976-இல் இந்தியா அதில் சேர்ந்தது. அது பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தை: நாடு விட்டு நாடு நடக்கும் வியாபாரத்தால் இந்த உயிரினம் தன் சொந்த மண்ணில் அழிந்துவிடுமா? அதற்கு அது நல்ல பட்டியல். நம் நட்சத்திர ஆமையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திர, கர்நாடக எல்லையில் ஒரே ஒரு வியாபார மையம் வழியாக ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடித்து விற்கப்படுவதாக 2015-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. 2019-இல் சைட்டீஸ் அதை உச்சக் கட்டுப்பாட்டுக்கு உயர்த்தியது. ஆனால் போய்ச் சேருகிற ஊரில் அந்த விலங்கு என்ன செய்யும், அங்கே அது எப்படி வாழும் என்பது சைட்டீஸின் முக்கிய வேலை இல்லை. அந்த ஒப்பந்தத்தின் பட்டியலை எடுத்து, நம் வீடுகளில் எதைக் கண்காணிக்க வேண்டும் என்பதற்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம். ஸ்லைடரின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. அங்கே அது ஏராளம். அழிவின் விளிம்பில் இல்லாததால் சைட்டீஸில் இல்லை. சைட்டீஸில் இல்லாததால் நம் நான்காவது அட்டவணையிலும் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லி வளர்த்த ஊர் இது. ஒரு தலைமுறைக்குள் எல்லாம் மாறிவிட்டது. கண்ணாடித் தொட்டியில் ஆமை இருந்தால் காசு சேரும், வடக்கு மூலையில் வைத்தால் தொழில் விருத்தியாகும் என்று யாரோ சொல்ல, சில நூறு ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கிவருகிறார்கள். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாங்குகிறவர்களும் உண்டு. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய குஞ்சு. பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். “இவ்ளோதான் வளரும்” என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். அது 25, 30 சென்டிமீட்டர் வளரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டு வாழும். இதை அவர் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

பெரும்பாலானவை அவ்வளவு நாள் இருப்பதில்லை. ஸ்லைடருக்கு முழு உடம்பும் நனையும் ஆழமான தண்ணீர் வேண்டும், ஏறி உட்கார்ந்து வெயில் காய ஒரு மேடு வேண்டும், வெயிலில் இருக்கும் யு.வி.பி. கதிர் வேண்டும். அந்தக் கதிர் பட்டால்தான் அதன் உடம்பில் வைட்டமின் டி உருவாகும், தின்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேரும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில் அது கிடைக்காது. வரவேற்பறை மூலையில், பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட கிண்ணத்தில், காய்ந்த இறால் பொட்டலத்தை மட்டும் தின்று வளர்ந்த ஆமையின் ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஈரம் பட்ட அப்பளம் மாதிரி வளைந்து கொடுக்கும். வைட்டமின் ஏ குறைந்துபோய் இரண்டு இமைகளும் வீங்கி மூடிவிடும். கண் தெரியாததால் தின்னாது. “பத்து நாளா தூங்கிட்டே இருக்கு மேடம்” என்று எடுத்துவருவார்கள். அது தூங்கவில்லை. கண்ணைத் திறக்க முடியாமல் பட்டினி கிடக்கிறது. பெட்டை ஆமைகள் ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கும். தோண்ட மண் இல்லாததால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டு சாகக் கிடக்கும். எக்ஸ்ரே எடுத்தால் வயிற்றில் வரிசையாக முட்டைகள் தெரியும்.

செல்லப்பிராணிக் கடைகளுக்கென்று 2018-இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த வயதுக் குட்டியை விற்கக்கூடாது, மருத்துவர் எப்போது பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல விதிகள். ஆனால் அதில் செல்லப்பிராணி என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பது நாய், பூனை, முயல், கினிப்பன்றி, ஹாம்ஸ்டர், எலி வகைகள், கூண்டுப் பறவைகள். ஆமை, பல்லி, தவளை எதன் பெயரும் இல்லை. ஒரே கடையில் முயல் கூண்டுக்கு அளவு உண்டு, பக்கத்துப் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கிடக்கும் ஆமைக் குஞ்சுகளுக்குக் கிடையாது.

வளர்ந்துவிட்ட ஆமையை என்ன செய்வது? கோயில் குளத்தில் விட்டுவிடுவார்கள். புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். குவாஹாத்தியில் உக்ரதாரா கோயில் குளத்தில் 2018-இல் ஸ்லைடரைக் கண்டுபிடித்தார்கள். கேரளத்தில் திருச்சூர்ப் பக்கத்து நீர்நிலைகளில் தென்பட்டபோது, பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களிடம் எச்சரித்து அவற்றைச் சேகரிக்கத் தொடங்கியது. இந்தியாவில் நன்னீரிலும் தரையிலும் வாழும் ஆமைகள் 29 வகை இருக்கின்றன; பாதிக்கு மேல் ஏற்கெனவே ஆபத்தில் உள்ளவை. பிரான்ஸில் ஆய்வாளர்கள் உள்ளூர்க் குளத்து ஆமைகளையும் ஸ்லைடரையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். வெயில் காயும் நல்ல இடங்களை ஸ்லைடர் பிடித்துக்கொண்டது. உள்ளூர் ஆமைகள் எடை குறைந்தன, அதிகம் செத்தன. வெயில் காய்வதுதான் ஆமைக்கு ஜீரணம், நோய் எதிர்ப்பு எல்லாமே. உட்காரும் கல்லைப் பறித்தால் உயிரைப் பறித்த மாதிரி. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்லைடரின் தாய்நாடான அமெரிக்காவிலேயே, நான்கு அங்குலத்துக்கும் குறைந்த ஆமையைச் செல்லப்பிராணியாக விற்பதற்கு 1975-லிருந்து தடை. குழந்தைகள் அதை வாயில் வைத்து, சால்மோனெல்லா கிருமி தொற்றி நோயில் விழுந்ததால் வந்த தடை அது. ஏற்றுமதிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். லூசியானாவின் ஆமைப் பண்ணைகள் உலகம் முழுவதும் குஞ்சுகளை அனுப்பின. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் இறக்குமதியை நிறுத்திக்கொண்டது. நம் வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் ஆமைத் தொட்டியில் கை வைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பதைக்கூட விற்கிறவர் சொல்வதில்லை.

ஸ்லைடருக்கு நேர் எதிரான கதை ஆக்ஸலாட்டலுக்கு. தலையின் இரு பக்கமும் இறகு மாதிரிச் செவுள்கள் விரிந்த, வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும் சாலமாண்டர் அது. மெக்ஸிகோ நகரத்தின் சோச்சிமில்கோ கால்வாய்களைச் சேர்ந்தது. வெட்டுப்பட்ட காலைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும் அதிசயத்துக்காக ஆராய்ச்சிக்கூடங்கள் அதைத் தேடின. 1860-களில் பாரிஸுக்குக் கொண்டுபோன சிலவற்றின் வம்சம் பெருகி, இன்று உலகெங்கும் தொட்டிகளில் இருக்கிறது. ஆனால் அதன் சொந்தக் கால்வாய்களில் 1998-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்று இருந்தது 2014-இல் 36 ஆகிவிட்டது. சைட்டீஸ் பட்டியலில் அது ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. ஆகவே நம் நாட்டிலும் பதிவு கட்டாயம். சரி, பதிவு செய்தாயிற்று. அதற்குத் தேவை 16 முதல் 18 டிகிரித் தண்ணீர். சென்னையில் மே மாதம் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெற்றோரை நச்சரித்து வாங்கி, ஃப்ரிட்ஜில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டியில் மிதக்கவிட்டு, மின்சாரம் போன ஒரு மதியத்தில் தோலெல்லாம் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை பிடித்த ஆக்ஸலாட்டலை டப்பாவில் எடுத்துக்கொண்டு ஓடிவருவதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியின் விலை ஆக்ஸலாட்டலின் விலையைப்போலப் பல மடங்கு. எந்த விலங்குக்கு எந்த வெப்பம், எவ்வளவு இடம், என்ன ஒளி என்று வகைவாரியான அளவுகோல் எதுவும் பதிவு விதிகளில் இல்லை. சான்றிதழ் வைத்திருப்பவரின் வீட்டிலேயே அந்த விலங்கு வெந்து சாகலாம். அந்த விதிகளின்படி அவர் சொல்ல வேண்டியது, அது செத்துப்போன தகவலை மட்டும்தான்.

என்னிடம் வரும் பாம்பு வளர்ப்பவர்களில் ஒரு தம்பி இருக்கிறார். ஐ.டி. வேலை. இரண்டு பால் பைத்தான். ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டு. எந்தத் தேதியில் என்ன எடை, எப்போது சட்டை உரித்தது, எப்போது இரையை மறுத்தது, பெட்டிக்குள் ஈரப்பதம் எவ்வளவு என்று எழுதியிருப்பார். பால் பைத்தான் மாதக்கணக்கில் தின்னாமல் இருக்கும் என்பதால் பலரும் பயந்து ஓடிவருவார்கள். இவர் எடையைப் பார்த்துவிட்டு நிதானமாகப் போனில் கேட்பார். கெடுவுக்கு முன்பே பதிவும் செய்துவிட்டார். ஒருநாள் அவர் ஆற்றாமையோடு சொன்னது: “ஒழுங்கா வளர்க்கிறவன் பேருதான் மேடம் கவர்மென்ட் லிஸ்ட்ல இருக்கு. தப்பு ஏதாவது ஆனா முதல்ல என் வீட்டுக் கதவத்தான் தட்டுவாங்க. மறைச்சு வெச்சிருக்கவன எப்படித் தெரியும்?” அவர் கோபம் எனக்குப் புரிகிறது. விதியை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்ற சட்டத்துக்கு முன்னால், காகிதம் சரியாக இல்லாதவர் பயந்து ஒளிந்துகொள்கிறார். ஒளிந்துகொள்கிறவர் பாம்புக்கு நோய் வந்தாலும் மருத்துவரிடம் வர மாட்டார்.

ஆனால் அந்தத் தம்பியின் நண்பர்கள் சிலர் சொல்வதுபோல், “எங்களை எங்கள் போக்கில் விட்டுவிடுங்கள், எந்த விதியும் வேண்டாம்” என்பதை நான் ஏற்கவில்லை. விட்டுவைத்த ஊரின் கதி நமக்குத் தெரியும். தெரிந்தது மட்டுமல்ல, நம் மக்களே போய் அதில் இறங்கி வேலை செய்தார்கள்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பர்மா மலைப்பாம்புகளைச் செல்லமாக வளர்த்தார்கள். சிறு பாம்பாக வாங்கியது 10, 12 அடிக்கு வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் சதுப்புநிலத்தில் விட்டார்கள். 1992-இல் ஆண்ட்ரூ புயல் ஒரு பாம்புப் பண்ணையையே சிதறடித்தது. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் அவை நிலையாகக் குடியேறிவிட்டன என்பது 2000-வாக்கில் உறுதியானது. 2012-இல் வெளியான ஆய்வில், பூங்காவின் தென்பகுதிச் சாலைகளில் கண்ணில் படும் ராக்கூன்கள் 99 சதவீதம் குறைந்திருந்தன. முயல்கள் ஒன்றுகூடத் தென்படவில்லை. இத்தனைக்கும் அந்தப் பாம்புகளைக் கண்டுபிடிக்க அங்கே யாராலும் சரியாக முடியவில்லை. 2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துப்போனார்கள். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் உடன் போனார். சாலையோரமாகக் காரில் போய்த் தேடுவது அங்கத்திய வழக்கம். இவர்கள் இறங்கிப் புதருக்குள் நடந்தார்கள். எச்சத்தையும், புல் படுத்திருக்கும் விதத்தையும், தேய்ந்த தடத்தையும் படித்தார்கள். முதல் இரண்டு வாரத்தில் 13 மலைப்பாம்புகள். கீ லார்கோவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளம் ஒன்றின் அடியிலிருந்து 16 அடிப் பெட்டையை வெளியே எடுத்தார்கள். இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் ஊர் வயல் வரப்புகளில் எலியும் பாம்பும் தேடிய அறிவு, ஒரு பணக்கார நாடு செல்லப்பிராணி மோகத்தால் செய்துகொண்ட கேட்டைத் துடைக்கத் தேவைப்பட்டது. இருளர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவர்களுக்கு அந்த வேலை வந்த காரணத்தை நினைத்தால் கவலையாகவும் இருக்கிறது.

ஃப்ளோரிடா அதற்குப் பிறகு விதிகளை எப்படி எழுதியது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். 2021-இல் 16 ஊர்வனவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். டேகு பல்லியும் பச்சை இக்வானாவும் அதில் உண்டு. அவர்கள் பார்த்தது, இது எங்கள் மண்ணில் பரவிக் கேடு செய்யுமா என்பதை. ஏற்கெனவே செல்லமாக வைத்திருந்தவர்களுக்கு இலவச அனுமதி கொடுத்தார்கள். தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும், அந்த விலங்கு சாகும்வரை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ள முடியாதவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்க, தண்டனையே இல்லாத முகாம்களைப் பல ஆண்டுகளாக நடத்துகிறார்கள். வாங்கிக்கொள்ளத் தகுதியானவர்களையும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். பண்ணை வைத்துப் பிழைத்தவர்களிடமிருந்து அங்கேயும் பெரும் எதிர்ப்பு வந்தது, நீதிமன்றம்வரை போனார்கள். அவர்கள் இழப்பு நிஜம்தான். இருந்தாலும் அந்த விதிக்குப் பின்னால் இருந்த காரணத்தை எவராலும் புரிந்துகொள்ள முடிந்தது.

சாலமாண்டர்களுக்கும் அப்படி ஒரு விதி உண்டு. சாலமாண்டரின் தோலைத் தின்னும் ஒரு பூஞ்சை, ஆசியாவிலிருந்து செல்லப்பிராணி வியாபாரம் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், நெதர்லாந்தில் நெருப்புச் சாலமாண்டர்களைக் கிட்டத்தட்டக் கூண்டோடு அழித்தது. 2013-இல் அதை அடையாளம் கண்டார்கள். தங்கள் நாட்டில் அது காலடி வைப்பதற்கு முன்பே, 2016 ஜனவரியில் அமெரிக்க அரசு 201 வகைச் சாலமாண்டர்களின் இறக்குமதியைத் தடுத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பான் 2023 ஜூனில் கொண்டுவந்த ஏற்பாடு. அங்கே ஸ்லைடர் வீட்டுக்கு வீடு இருக்கிறது. வைத்திருப்பதே குற்றம் என்று சொன்னால் மறுநாளே எல்லோரும் ஆற்றில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே வீட்டில் இருப்பதை எந்த விண்ணப்பமும் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், தெரிந்தவருக்குச் சும்மா கொடுக்கலாம் என்றார்கள். விற்கக் கூடாது, விற்பதற்காக வளர்க்கக் கூடாது, இறக்குமதி செய்யக் கூடாது, வெளியில் விடக் கூடாது. வளர்ப்பவர் மனசையும் குளத்து ஆமையின் உயிரையும் சேர்த்து யோசித்த விதி அது.

நம்மால் முடியாதது ஒன்றுமில்லை. 2022 திருத்தத்திலேயே 62ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆக்கிரமிப்பு அயல் உயிரினங்களின் இறக்குமதி, விற்பனை, வைத்திருத்தல், பெருக்கம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ மத்திய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. ஸ்லைடர் விற்பனையை அந்தப் பிரிவின் கீழ் நிறுத்தலாம். உரிமைச் சான்று வைத்திருப்பவர்கள் விலங்கை அரசிடம் ஒப்படைக்கலாம் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. ஸ்லைடருக்கு அந்தச் சான்றே கிடையாதே, அதை யாரிடம் ஒப்படைப்பது? ஒருமுறை வீட்டைக் காலி செய்து வெளியூர் போகிற ஒரு குடும்பத்துக்காக நானே ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். அட்டவணையில் இல்லாத விலங்கை வாங்கிக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது. பேசியவர்மேல் தப்பில்லை, அவர் கையில் இருந்த விதி அவ்வளவுதான்.

அந்தக் குடும்பத்தின் ஆமைகள் இப்போது என் மொட்டைமாடிச் சிமெண்டுத் தொட்டியில் இருக்கின்றன. பிறகு இன்னும் சில வந்து சேர்ந்தன, தொட்டி நிறைந்துவிட்டது. அதனால் இப்போது ஸ்லைடரோடு வருகிறவர்களிடம் சொல்வது இதுதான். தயவுசெய்து குளத்தில் விடாதீர்கள், கோயிலிலும் விடாதீர்கள். பெரிய பிளாஸ்டிக் தொட்டி வாங்கி, காலை வெயில் நேரடியாகப் படும் இடத்தில், பாதி நிழலாக வையுங்கள். ஏறி உட்கார ஒரு செங்கல் போடுங்கள். காகமும் பூனையும் வராமல் மேலே வலை கட்டுங்கள். ஆமைத் தீவனத்தோடு கீரை கொடுங்கள். கொத்துமல்லியும் முருங்கைக்கீரையும் நன்றாகத் தின்னும். முட்டை வைத்தால் மண்ணில் புதைக்காமல் எடுத்து ஃப்ரீஸரில் போட்டுவிடுங்கள். ஜோடிக்கு இன்னொன்று என்று வாங்காதீர்கள்.

தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். சென்னையில் ஒரே ஓர் இடத்திலாவது, மாதத்துக்கு ஒரு நாள், எந்தக் கேள்வியும் கேட்காமல் ஸ்லைடரை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். அந்த நாளில் சம்பளம் இல்லாமல் வந்து ஒவ்வொன்றையும் பரிசோதித்துத் தருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட என்னைப்போல ஊர்வன பார்க்கும் மற்ற மருத்துவர்களையும் அந்தப் பைத்தான் தம்பியையும் கேட்டிருக்கிறேன். கொளத்தூரில் ஆமை விற்பதை நிறுத்திவிட்ட ஒரு கடைக்காரரும் போடுகிறேன் என்றார். ஓடு இளகிப்போன ஆமைகளின் எக்ஸ்ரே படங்களை மனுவோடு இணைக்கிறேன்.